நிரம்பாத நாற்காலிகள்

துறைமுகம் கட்டுவதற்கு முன் மீனவர்களிடம் கருத்துக் கேட்டே ஆகவேண்டும் என்றது சட்டம். கேட்காமல் முடிக்கப் பார்த்தார் அதிகாரி தணிகாசலம்.

"கூட்டம் ஊருக்குள்ளேயே நடக்கணும், பிரகாசி. ஆனா ஒரு நாற்காலி நிரம்பினாலும் உன் வேலை போச்சு" என்றார், வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான அந்த ஊர்ப் பெண்ணிடம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாத நாள். ஊரே பூசைக்குப் போயிருந்தது. கரையில் மீன் ஏலக் கொட்டகை வெறிச்சோடிக் கிடந்தது. அதைப் பார்த்த தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. "இதே இடம், இதே ஒன்பது மணி. வியாழக்கிழமை வச்சிரு."

"நீங்க சொன்னபடியே சார்."

வியாழன் ஒன்பது மணிக்கு இருநூறு நாற்காலிகளும் காலி. கருத்துக் கேட்க வந்திருந்த கலெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிரகாசி கடலைப் பார்த்தாள். ஒரு படகும் தெரியவில்லை. காற்று மாறிவிட்டதோ?

"ஆட்சேபணை இல்லைன்னு எழுதிடலாங்களா ஐயா?" என்று தணிகாசலம் பேனாவைத் திறந்தார்.

அப்போது அன்றைய ஏலத்துக்கான மீனோடு முதல் படகு கரை சேர்ந்தது. பின்னாலேயே நாற்பது படகுகள். மீன் வாங்கக் கூடைகளோடு பெண்களும் வந்துவிட்டார்கள். கொட்டகை கொள்ளவில்லை. "எங்க கடலை மறிக்காதீங்க" என்று ஒவ்வொருவராகக் கலெக்டரிடம் சொன்னார்கள்.

தணிகாசலம் தன்னை மறந்து கத்தினார். "ஒரு நாற்காலியும் நிரம்பக் கூடாதுன்னு சொன்னேனே!"

கலெக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நிரம்பலையே சார்" என்றாள் பிரகாசி. "ஏலக் கொட்டகையில எங்க சனம் நின்னுகிட்டுதான் பேசும்."