ஒளியத் தெரியாத வளையல்

ஒரு ஊர்ல ஒரு வளையல்காரி இருந்தா. கையக் கொண்டா இப்படி, என் மடியில வை. கத கேக்கற பிள்ளைக்குக் கை சும்மாதானே கிடக்கு, நான் பிசைஞ்சு விடறேன். அப்பப்ப "ம்" கொட்டணும். "ம்" நின்னுதுன்னா நானும் நிறுத்திருவேன். சரியா?

ம்.

அவ பேரு அங்கம்மா. தலையில வளையல் பெட்டி, வாய் நிறையப் பேச்சு. தெருத் தெருவாப் போய் பொம்பளைங்களுக்கு வளையல் போட்டு விடுவா. கண்ணாடி வளையல் போடறது லேசுப்பட்ட காரியமில்ல கண்ணு. கட்டைவிரல உள்ள மடக்கணும், முட்டிய அமுக்கணும், கொஞ்சம் பிசகினாலும் வளையல் படக்குனு உடைஞ்சு கையக் கீறிரும். ஆனா அங்கம்மா போட்டா யாருக்கும் வலிச்சதே இல்ல. ஏன்னா அவ கையப் பாக்கவே மாட்டா. எதிர்ல உக்காந்தவ மூஞ்சியப் பாத்து, உங்க ஆடு குட்டி போட்டுதாமே, எத்தனன்னு கேப்பா. அந்தப் பொம்பள ரெண்டு கிடா ஒரு பொட்டைன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள, சலக் சலக் சலக், டஜன் வளையலும் ஏறி உக்காந்திருக்கும்.

அப்போ ஒரு நாள் சந்தைக்கு ஒரு வித்தைக்காரன் வந்தான். டமடமடமன்னு உடுக்க அடிச்சான், ஒரு எலுமிச்சம்பழத்த உள்ளங்கையில வெச்சான், மூடினான், ஊதினான், ஃபூ. திறந்தா கையில ஒண்ணுமே இல்ல. அப்புறம் கூட்டத்துல நின்ன ஒரு கிழவரோட குடுமிக்குள்ள இருந்து அதே பழத்த எடுத்தான். சந்தையே "ஆ"ன்னு வாயப் பொளந்துச்சு. அங்கம்மா எல்லாரையும் விடப் பெருசாப் பொளந்தா.

அந்த "ஆ" இருக்கே, அது அவ காதுக்குள்ள புகுந்துகிட்டு வெளியவே வரல. சோறு கிண்டும்போதும் "ஆ", துணி தொவைக்கும்போதும் "ஆ". நாமளும் ஒரே ஒரு தடவ இந்த ஊர "ஆ"ன்னு சொல்ல வெச்சிரணும்னு முடிவு பண்ணிட்டா. ஆசை யாருக்குத்தான் இல்ல, சொல்லு.

ம்.

அப்புறம் என்ன, காலையில எந்திரிச்சதும் வித்தை பழகறது ஆரம்பமாயிரும். வேடிக்கை பாக்க ஆளு வேணும்ல, அதுக்குக் கொட்டகையில கட்டியிருந்த ஆட்டப் பிடிச்சா. ஆட்டுக்கு முன்னால நின்னு பழத்தக் காட்டினா, மூடினா, ஃபூன்னு ஊதினா. கை விரிச்சாப் பழம் நெசமாவே காணோம். அங்கம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கல. அப்புறம் பாத்தா ஆடு வாய அசை போட்டுகிட்டு நிக்குது. விரல் இடுக்குல நழுவினதக் கீழ விழ விடாம வாங்கித் தின்னுருச்சு.

சரி, ஆட்ட விடு. அந்த ஊர்ல பவுனு பவுனுன்னு ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி இருந்தா. முன்பல்லு ரெண்டு விழுந்திருக்கும், ஆனா கண்ணு இருக்கே கண்ணு, எறும்பு எந்தப் பக்கம் திரும்பிப் பாக்குதுன்னு கூடச் சொல்லிருவா. அப்படிப்பட்டவ முன்னாலயா வித்தை காட்டறது? அங்கம்மா நேரம் அப்படி.

முதல்ல கிணத்தடியில காட்டினா. எலுமிச்சம்பழத்தக் கையில வெச்சா, ஃபூன்னு ஊதினா, நைசா அக்குள்ல இடுக்கிகிட்டா. எல்லாரும் கையப் பாத்துகிட்டு நிக்கறாங்க. பவுனு மட்டும், "அத்தே, அக்குள்ல இருக்கு"ன்னா. அதெல்லாம் இல்லன்னு அங்கம்மா கையத் தூக்கி ஆட்டினாளா, டொப், பழம் விழுந்து உருண்டு கிணத்துக்குள்ள போய் பொளக்.

ரெண்டாவதா வேப்பமரத்தடியில காட்டினா. இந்தத் தடவ முட்டை. உருளாதாம், அதனால முட்டையாம். அவ புத்தி எப்படி வேலை செய்யுது பாரு. முந்தானையால மூடி, முதுகுப் பக்கம் சொருகிகிட்டா. பவுனு ஒரு நொடி உத்துப் பாத்தா. "முதுகுல இருக்கு அத்தே." அங்கம்மா ஒண்ணும் நடக்காத மாதிரி மரத்துல சாஞ்சா. பச்சக். மஞ்சக்கரு கொசுவம் வரைக்கும் வழியுது, சனம் வயித்தப் பிடிச்சுகிட்டு சிரிக்குது. இந்தா, நீயும் சிரிக்கறே.

ம்.

மூணாவதா திருவிழாவுல, ஊர் மந்தையில. பழம் உருளும், முட்டை உடையும், வளையல்னா நம்ம கூடப் பொறந்தது, நம்மள விட்டுக் கொடுக்காதுன்னு நினைச்சா. ஒரு சிவப்பு வளையல எடுத்தா, சுத்திச் சுத்திக் காட்டினா, சரக்குனு முழங்கைக்கு மேல ரவிக்கைக் கைக்குள்ள சொருகிட்டா. வித்தை சுத்தமா நடந்துருச்சு. பவுனு கூட முழிக்கறா. அங்கம்மா பெருமையா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினா, அப்போ, கிளிங்.

வளையல்காரி கையில வளையல் இல்லாம இருக்குமா? ரெண்டு கையிலயும் டஜன் டஜனாப் போட்டிருந்தா. புருஷன் பிள்ளையோட இருக்கறவ அதக் கழட்டி வெச்சுட்டா வருவா? ஒளிச்ச வளையல் சறுக்கி இறங்கி, போட்டிருந்த வளையல் மேல இடிச்சுருச்சு. "ரவிக்கைக் கைக்குள்ள இருந்துச்சு"ன்னு பவுனு சொல்ல, மந்தையே கெக்கெக்கேன்னு சிரிச்சுது.

அங்கம்மாவுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. பாவம், ரொம்ப வலிச்சுருச்சு அவளுக்கு. பெட்டியத் தூக்கிகிட்டு நடந்தா. பவுனு பின்னாலயே ஓடி வந்தா. கெட்ட பொண்ணு இல்ல அவ, கண்ணுல பட்டா வாயில வந்துரும், அவ்வளவுதான். "அத்தே, நீ எங்க ஒளிச்சியோ அங்கயே பாக்கறே. அதான் எனக்குத் தெரிஞ்சுருது"ன்னா. அங்கம்மா விறுவிறுன்னு வீட்டுக்குப் போயிட்டா. இனிமே இந்தப் பொழப்பு நமக்கு வேண்டாம்னு எலுமிச்சம்பழத்த எல்லாம் ஊறுகாய் போட்டுட்டா.

கை ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே? விடு. தளர்த்திக்கோ. ம், அப்படித்தான்.

அப்புறம் பத்து நாளு ஆச்சு. பவுனு கொடுக்காப்புளி பறிக்க மரத்துல ஏறினா. கால் வழுக்குச்சு, கிளையப் பிடிச்சா, சரக்குனு ஒரு முள்ளு வலது உள்ளங்கையில ஆழமா ஏறிருச்சு. ஒரு நெல்லு அளவுதான் வெளிய நிக்குது. பயந்துபோய் யாருகிட்டயும் சொல்லாம கையக் குவிச்சு மூடிகிட்டா. ரெண்டாம் நாளு கை வீங்குச்சு. மூணாம் நாளு காய்ச்சல் அனலாக் கொதிக்குது. விரலத் தொட்டாலே வீல்வீல்னு கத்தறா.

வைத்தியர் வந்து பாத்தாரு. பலவந்தமாப் பிரிச்சா இவ திமிர்ற திமிருக்கு முள்ளு உள்ளயே ஒடிஞ்சுரும், இவளாத்தான் விரிக்கணும்னாரு. பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும், விஷம் மேல ஏறிட்டா இந்தக் கை விளங்காமப் போயிரும்னு சொல்லிட்டு வாசல்ல உக்காந்துட்டாரு. பவுனோட அம்மா சுவத்துல முட்டிகிட்டு அழறா.

மிட்டாய் நீட்டினாங்க. "நான் கைய விரிச்சதும் பிடிச்சுக்குவீங்க"ன்னுட்டா. கிளி பாரு கிளி பாருன்னு வாசல்ல காட்டினாங்க. "கிளியே இல்ல, மாமா விசிலடிக்குது"ன்னுட்டா. அவ தூங்கறப்பப் பிரிக்கலாம்னு அம்மா கிட்டப் போனா, ஒரு கண்ணத் திறந்து, "நான் தூங்கல"ன்னா. அந்தக் கண்ண யாரு ஏமாத்த முடியும்? முடியுமா?

ம்ஹும்.

சேதி அங்கம்மா காதுக்குப் போச்சு. கையில இருந்த கரண்டிய அப்படியே போட்டுட்டுப் பெட்டியத் தூக்கினா. தடதடதடன்னு ஓடறா, பெட்டிக்குள்ள வளையல் எல்லாம் சலசலசலன்னு கூட ஓடுது. ஓடும்போதே யோசிக்கறா. இவள என்னால ஏமாத்த முடியாது. மூணு தடவ முயற்சி பண்ணி மூணு தடவையும் மாட்டிகிட்டேன். அப்படி நினைச்சதும் நடுத்தெருவுல நின்னுட்டா. ஏமாத்தத் தெரியாது, ஆனா இவகிட்ட மாட்டிக்க நல்லாத் தெரியுமே. அது போதுமேன்னு தோணுச்சு.

அங்கம்மா போய் பவுனு முன்னால சம்மணம் போட்டு உக்காந்தா. மூடின கைய ஏறெடுத்துக் கூடப் பாக்கல. "உன் கையப் பாக்க வரல தாயி. புது வித்தை ஒண்ணு வெச்சிருக்கேன். இதையும் நீ கண்டுபிடிச்சுட்டா, நான் வித்தையவே விட்டுடறேன்"னா. காய்ச்சல்ல சொருகியிருந்த கண்ணு மெல்ல விரிஞ்சுது. பவுனுக்கு இது சோறு மாதிரி.

அங்கம்மா அவளோட நல்ல கைய, இடது கைய வாங்கிகிட்டா. பச்சை வளையல் நாலு, சிவப்பு ஒண்ணு, அஞ்சையும் காட்டினா. பச்சைய ஒண்ணொண்ணா ஏத்தறா. சலக், சலக், சலக். நாலாவது வளையல முட்டிக்கிட்டப் பாதி ஏத்தினபடியே நிறுத்தி, அந்தக் கைய லேசாப் பிடிச்சுகிட்டா. இன்னொரு கையால சிவப்பு வளையலத் தூக்கிக் காட்டினா, சுத்தினா, ஃபூன்னு ஊதினா, இடுப்பு மடிப்புல ஒளிச்சா. ஒளிக்கும்போது வேணும்னே தன் வளையல்ல ஒரு இடி இடிச்சா.

கிளிங்.

பவுனு மூஞ்சியில மூணு நாளைக்கு அப்புறம் ஒரு வெளிச்சம். "இடுப்புல இருக்கு"ன்னா. இடுப்புலயான்னு அங்கம்மா ஆச்சரியமாக் கேட்டா, அங்க ஒண்ணும் இல்லையேன்னு தப்பான பக்கத்தத் தடவிக் காட்டினா. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்னு பவுனு துடிக்கறா. இடது கை வளையலுக்குள்ள பாதியில நிக்குது, அத உருவ முடியாது. எந்தப் பக்கம், எனக்குத் தெரியலையேன்னு அங்கம்மா இன்னும் முழிக்கறா. பவுனுக்குப் பொறுக்கல கண்ணு. அவளுக்கே தெரியாம, மூணு நாளா மூடியிருந்த அந்த வலது கை, ஒவ்வொரு விரலா மலர்ந்து, நேரா அங்கம்மா இடுப்புக்கு வந்துச்சு.

வைத்தியர் அந்தக் கையவே பாக்கறாரு. அம்மா அழுகைய நிறுத்திட்டா. அங்கம்மா மட்டும் கையப் பாக்கல. மூஞ்சியத்தான் பாத்தா, வளையல் போடும்போது பாப்பாளே, அதே மாதிரி. "சரி, உள்ள இருக்கறது சிவப்பா பச்சையா?"ன்னு கேட்டா.

"சிவப்பு"ன்னு பவுனு சொன்னா.

சடக்.

அவ்வளவுதான். "சிவப்பு"ன்னு சொல்லி வாய மூடறதுக்குள்ள முள்ளு வெளிய வந்துருச்சு. பவுனு இன்னும் இடுப்பு மடிப்பத் துழாவிகிட்டுதான் இருக்கா. வளையல எடுத்துத் தூக்கிக் காட்டி, பாத்தியா, கண்டுபிடிச்சுட்டேன்னு சிரிச்சா. அப்புறம்தான் உள்ளங்கையில பொட்டு மாதிரி ஒரு சொட்டு ரத்தத்தப் பாத்தா. முள்ளக் காணோம். கையப் பாத்தா, அங்கம்மா மூஞ்சியப் பாத்தா, திரும்பக் கையப் பாத்தா.

"ஆ..."ன்னா பவுனு. முன்பல்லு இல்லாத வாய், அடி நாக்கு வரைக்கும் தெரியுது.

அங்கம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. ஊரு முழுக்க "ஆ" சொல்லணும்னு நினைச்சா, கிடைச்சது ஒரே ஒரு "ஆ"தான். ஆனா அந்த ஒண்ணுக்கு முன்னால சந்தை "ஆ" எல்லாம் எந்த மூலைக்கு? வைத்தியர் ஓடி வந்து சீழ எடுத்து, மஞ்சப்பத்துப் போட்டாரு. சாயங்காலமே காய்ச்சல் இறங்குச்சு. கை பொழச்சுகிச்சு. எப்ப எடுத்தே, எப்படி எடுத்தேன்னு பவுனு ராவா பகலா கேட்டுப் பாத்தா. அங்கம்மா வாயே திறக்கல. வித்தைக்காரிங்க சொல்ல மாட்டாங்களாம், அவளுக்கு வந்த பவுச பாரு.

என்ன, "ம்" சத்தம் கம்மியாயிருச்சு? நீயும் எப்படின்னு கேக்கப் போறியா? கேக்காதே. உன் இடது கைய மட்டும் ஒரு ஆட்டு ஆட்டிப் பாரு.

கிளிங்.

சிவப்பு. எப்ப போட்டேன்னு காலையில யோசி. கதை பெட்டிக்குள்ள போயிருச்சு, நீ போர்வைக்குள்ள போ, கண்ணு.