பக்கத்து இலைக்கு நீட்டிய கை

அந்தக் காலத்தில், வீட்டுச் சாமான்களெல்லாம் முறை சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், சார்ஜரைத் தொட்டால் சில்லென்று இருக்கும், கிணற்றடிக் கல் மாதிரி.

அப்போது எல்லோருக்கும் பசியாற்றியவர் மின்சார அண்ணாச்சி. தங்கமான மனுஷன். ஆனால் பந்தி பரிமாற நின்றால் அவருக்குக் கை அடங்காது. வாயால் போதும் என்றால் உபசாரத்துக்குச் சொல்வதாக நினைத்து இன்னும் ரெண்டு அகப்பை ஊற்றுவார். இலைக்கு மேலே கையை விரித்து மறித்தால்தான் நிறுத்துவார். கிரைண்டரும் இஸ்திரிப்பெட்டியும் அவர் கைக்குப் பழகியவர்கள், வஞ்சனையில்லாமல் சாப்பிடுவார்கள்.

அந்த வீட்டுக்கு லேப்டாப் புது மருமகளாக வந்தாள். மெலிந்த உடம்பு. துணைக்கு அவள் தாய்மாமன் சார்ஜரும் வந்திருந்தார்.

முதல் விருந்து. கொதிக்கக் கொதிக்கப் பாயசம். வந்த அன்றே கையை நீட்டி மறித்தால் மரியாதை இல்லையென்று பேசுவார்களோ என்று பயந்து, அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி ஊற்றினார், குடித்தாள். மறுபடி ஊற்றினார், அதையும் குடித்தாள். புதுப்பெண்ணுக்கு வயிறு எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்க்க வேண்டும்போல என்று இஸ்திரிப்பெட்டி கேலி பண்ண, பந்தியே சிரித்தது. பத்தொன்பதாவது அகப்பையில் அவள் முகம் வெளிறியது. இருபதில் கண்ணுக்குள் கோடு கோடாக ஓடியது. அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தார். இலை காலி. அகப்பையைச் சாய்த்தார்.

பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சார்ஜர் குறுக்கே கையை நீட்டினார்.

அடுத்தவர் இலைக்கு மேலே கை நீட்டுவது எந்தப் பந்தியிலும் கண்டதில்லை. பாயசம் மொத்தமும் அந்தக் கையில் விழுந்தது. மிக்சி சிரித்த வாய் மூடாமல் நின்றது. மின்விசிறி சுற்ற மறந்தது. லேப்டாப் அப்படியே சாய்ந்தாள்.

"யார் இலைக்கு யாருவே கையை நீட்டுறது?" என்றார் அண்ணாச்சி.

"பிள்ளை வாயைத் திறக்க மாட்டா அண்ணாச்சி. இந்த அகப்பையும் உள்ளே போயிருந்தா கருகியிருப்பா."

அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அன்பாக ஊற்றி ஊற்றி ஒரு உயிரை எடுக்க இருந்தோமே என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அளந்து ஊற்ற எனக்கு வராதே, இனி இவளுக்கு எப்படிப் பரிமாறுவேன் என்று கலங்கினார்.

சார்ஜர் வெந்த கையை மடக்கவில்லை. இனி இவளுக்குள்ளதை என் கையிலேயே ஊற்றுங்கள், அவள் தாங்குகிற அளவை நான் கொடுத்துக்கொள்கிறேன் என்றார்.

கண் விழித்த லேப்டாப் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டாள். "மாமா, இப்படிச் சுடுதே."

"சுடட்டும். நீ சாப்பிடு."

அன்று தொடங்கியதுதான், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை சார்ஜர் சுடுவதும், அவள் எழுந்த பிறகு மெல்ல ஆறுவதும்.