சர்க்கரையும் வந்து உட்கார்ந்தது

ஜெயசீலி வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். தம்பி செல்வினைக் காசநோய் கொண்டுபோனது. எந்த மாத்திரைக்கும் மசியாத காசநோய். அதன் பிறகு வேலையை உதறிவிட்டு, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். ஆசிரியை நஸ்ரின் அவளைவிட இளையவர். மாணவி ஆசிரியையை மேடம் என்பாள். ஆசிரியை மாணவியை அக்கா என்பார். அந்த ஆய்வகத்தில் அது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

ஜெயசீலிக்கு ஒரே ஓர் ஆசை. காசநோய்க் கிருமியின் புரதம் ஒன்றில் ஒரு சின்னக் குழி உண்டு. அவள் தன் கையால் செய்த மருந்து அந்தக் குழியில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கிருமி முடங்கும். செல்வினுக்கு இனி அது உதவாது, தெரியும். தெரிந்தால் ஆசை அடங்கிவிடுமா என்ன?

புரதத்தையும் மருந்தையும் சேர்த்துப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி, விழுந்த புள்ளிகளை எல்லாம் கணினியில் ஏற்றினாள். பைத்தான் என்ற கணினி மொழியில் அவளே எழுதிய நிரல், கணக்குப் போடும் மென்பொருளை வரிக்கு வரி ஏவி, புள்ளிகளைப் படமாக்கிக் கொடுத்தது. பொருள் இருக்கும் இடத்தில் படம் நீல வலை காட்டும். குழிக்குள் மருந்து அந்த நீல வலையைப் போர்த்திக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவே மறந்துபோனாள்.

நஸ்ரின் மட்டும், "பார்க்கலாம் அக்கா" என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஜெயசீலி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "மேடம், என் கண்ணுக்குத் தெரியுது. உங்க கண்ணுக்கு ஏன் தெரியமாட்டேங்குது?"

நஸ்ரின் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நிரலைத் திறங்க. குழியில மருந்தை வைன்னு சொல்ற வரியில, மருந்து பேருக்குப் பதிலா சர்க்கரைன்னு மாத்திப் போடுங்க."

"நான் சர்க்கரையைச் சேர்க்கவே இல்லையே மேடம்."

"போடுங்க, பார்ப்போம்."

மாற்றி ஓட்டினாள். படம் வந்தது. குழிக்குள் சர்க்கரை உட்கார்ந்திருந்தது. படிகத்தை எட்டிக்கூடப் பார்க்காத சர்க்கரை, அதுவும் நீல வலையைப் போர்த்திக்கொண்டு!

ஜெயசீலிக்கு முகம் வெளிறியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவைத்தவர்கள், ஆசைப்பட்டவள் கண்ணுக்கு என்ன என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

"புள்ளியில பாதிச் சேதிதான் இருக்கு," என்றார் நஸ்ரின். "மீதிப் பாதியை, இப்படித்தான் இருக்கும்னு நாம முன்கூட்டியே வச்ச மாதிரிப் படத்துல இருந்துதான் கணினி எடுத்துக்குது. எதை வச்சாலும் கொஞ்சம் ஆமாம் போடும். இப்ப அந்த வரியையே எடுத்துடுங்க. குழியில ஒண்ணும் வைக்காம ஓட்டுங்க. மருந்து உள்ள இருந்தா, நாம வைக்காமலே வரும்."

அவள் விரல் விசைமேல் அப்படியே நின்றது.

"வரலைன்னா?"

நஸ்ரின் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாம் மேடம். செல்வின் போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்."

"சரி அக்கா. நீங்க எப்பச் சொல்றீங்களோ அப்ப."

சொன்னாரே ஒழிய, எழுந்து போகவில்லை. ஜெயசீலியும் எழவில்லை. இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஜெயசீலியே அந்த வரியை அழித்தாள். ஓட்டினாள்.

குழியில் தண்ணீர் மூலக்கூறு அளவுக்கு ரெண்டு சின்னப் பொட்டு தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. நஸ்ரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருந்து உள்ளேயே போகலையே மேடம். அப்ப இத்தனை மாசமா அந்தக் குழியில நான் எதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்?"

"உங்க தம்பியை, அக்கா."