மாதுளையின் காலில் தொங்கிய எள்ளு

காட்டோரத்தில் ஒரு கறையான் புற்று. அதன் சுவருக்குள் ஓர் எறும்புக் கூட்டம் ஒளிந்து வாழ்ந்தது. வேலைக்கார எறும்புகள் கண்ணுக்கே தெரியாத பொடிசுகள். வெளிர் மஞ்சள் நிறம். இறக்கை இல்லை, பார்வையும் இல்லை. அவர்களுடைய ராணியோ புளியங்கொட்டைப் பருமன்! இத்தனைக்கும் அங்கே பிறந்தவர்கள் எல்லாரும் அவள் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் ராணியின் மகள் மாதுளை, பறந்துபோய்த் தனிக்குடித்தனம் தொடங்கப் புற்று வாசலுக்கு வந்தாள். அம்மாவைப் போலவே பெரிய உடம்பு. பொடிசுகள் பின்னாலேயே ஓடிவந்தன.

"அக்கா, காலைத் தூக்கு! ஏறிக்கொள்கிறோம்."

அது அந்தக் கூட்டத்து வழக்கம். புது ராணியின் கால் முடியைக் கவ்விக்கொண்டு பொடிசுகளும் கூடவே போகும்.

எருக்கஞ்செடியில் இருந்த பொன்வண்டு எட்டிப் பார்த்தது.

"ஏனம்மா, கல்யாணப் பெண் காலைக் கழுவிக்கொண்டு வரக் கூடாதா? எவ்வளவு புழுதி!"

"புழுதி இல்லை. என் தங்கைகள்."

"தங்கைகளா!" வண்டு விழுந்து விழுந்து சிரித்தது. "இந்தக் காட்டுப் பூச்சிகளை இனம் பிரித்தவன் நான். உனக்குக் கண் உண்டு, இதுகளுக்கு இல்லை. உனக்கு இறக்கை உண்டு, இதுகளுக்கு இல்லை. நிறமும் வேறு. இதுகள் வேறு இனம். ஓசியில் ஊர் சுற்ற வந்திருக்கின்றன!"

"அது பேச்சைக் கேட்காதே, அக்கா!" என்றாள் எள்ளு. பொடிசுகளிலேயே பொடிசு அவள். "நாளைக்கு உன் குஞ்சுகளுக்கு யார் ஊட்டுவது?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

சுற்றிலும் ஈசல்கள் வேடிக்கை பார்த்தன. மாதுளைக்கு மானம் போயிற்று. காலை உதறினாள். பொடிசுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அவள் பறந்துவிட்டாள்.

வானத்திலேயே கல்யாணம் முடிந்தது. இறக்கையைக் கழற்றிப் போட்டாள். மண்ணில் குழி தோண்டி, வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிட்டாள்.

முட்டை பொரிந்தது. ரவையை விடச் சிறிய வெள்ளைக் குஞ்சுகள்! ஆசையாக ஒன்றைத் தூக்கினாள். தாடை பட்டு நசுங்கிப்போயிற்று. இன்னொன்றை மெல்ல, மெல்லத் தொட்டாள். அதுவும் நசுங்கியது. பெற்ற பிள்ளைகளைத் தொடவே பயந்து சுவரோரம் ஒண்டினாள். மற்றவை பசியில் நெளிந்தன.

"அக்கா, அசையாதே. இறங்கிக்கொள்கிறேன்."

பின்னங்காலிலிருந்து வந்தது குரல்.

"எள்ளு! இத்தனை நாளாக இங்கேயா இருந்தாய்?"

"மறுபடி உதறிவிட்டால்? அதனால்தான் மூச்சுக் காட்டவில்லை."

இருட்டில் மாதுளை உணர்கொம்பால் அவளைத் தடவினாள். கொம்பு நுனி, தன்னுடையதைப் போலவே தடித்திருந்தது. நூலாய் மெலிந்த இடுப்பில், தனக்கு இருப்பது போலவே இரண்டு முடிச்சுகள்.

"எனக்கும் இப்படித்தானே இருக்கிறது!"

"அம்மாவுக்கும் இப்படித்தான். அந்த வண்டு இடுப்பை எங்கே பார்த்தது? அதற்கு இடுப்பே கிடையாதே!"

எள்ளு மாதுளையின் வாயிலிருந்து உணவை வாங்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டினாள். ஒருத்தி எத்தனை வாய்க்கு ஊட்ட முடியும்? சில குஞ்சுகள் பிழைத்தன. பல போய்விட்டன.

பிழைத்தவர்களால் கூட்டம் பெருகியது. பிறகு மாதுளையின் பெண்கள் பறக்கும் நாளும் வந்தது. அவளே வாசல்வரை வந்து நின்றாள்.

"காலைத் தூக்குங்கள். தங்கைகள் ஏறட்டும்!"

வெளித்தோற்றத்தைப் பார்த்துச் சொந்தத்தை உதறுகிறவர், அந்தச் சொந்தம் தேவைப்படும் நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.