புல் வளர்த்த பாதிக் காடு

வானத்தைப் பார்த்துத்தான் விதைக்க முடியும் என்றிருந்த கரிசல் சீமை ஒன்று இருந்தது, கேளுங்கள். கோட்டையில் ஒரு பாளையக்காரர் இருந்தார். காடு என்று அங்கே சொல்லும் புன்செய் நிலத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவன் இருளப்பன். அவள் வெயிலுகந்தாள். சொந்தமென்று இருந்தது செவலை என்கிற ஒற்றைக் காளை.

ஊரார் நிலத்தில் பாடுபட்டே இருவருக்கும் பாதி வயசு போயிற்று. பாளையக்காரர் மனமிரங்கி, தரிசாய்க் கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார்.

"பருத்தி போடுங்கள். மாசியில் வந்து பார்ப்பேன். வெடித்த பருத்தி நிற்கிற இடமெல்லாம் உங்களுக்கு. புல் நிற்கிற இடம் எனக்கே திரும்பிவிடும்."

புரட்டாசியில் விதைத்தார்கள். கிழக்குப் பாதி அவளுக்கு, மேற்குப் பாதி அவனுக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

முதல் மழைக்குப் புல் விரல் நீளம் வந்தது. வெயிலுகந்தாள் களைக்கொட்டோடு குனிந்தாள். இருளப்பன் குனியவில்லை.

"இதைப் போய்க் கொத்துவாங்களா? செவலை நாக்குக்குக்கூடச் சிக்காது. கொஞ்சம் வளரட்டும். மாட்டுக்கும் வயிறு நிறையும், களையெடுத்த மாதிரியும் ஆச்சு."

"ஏய்யா, வானம் தரப்போறது ஒரு குடம் தண்ணி. அதை யாரு குடிக்கணும்? பருத்தியா, உம்ம மாட்டுப் புல்லா?"

"பங்கு போட்டுக் குடிக்கட்டுமே. ரெண்டும் பச்சப்புள்ளைகதானே."

இந்த இரக்கத்துக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். இதே இரக்கத்துக்காகத்தான் இப்போது தலையில் அடித்துக்கொண்டாள்.

கொத்திய புல்லை அவள் வெளியே எறியவில்லை. வேர் மேலே தெரிய, பருத்தி வரிசைகளுக்கு நடுவே பரப்பினாள். வெயில் புல்லை உலர்த்தியது. காய்ந்த புல் மண்ணின் ஈரத்தைக் காத்தது. கூடவே நடுவில் பாசிப்பயறும் ஊன்றினாள்.

இரண்டாம் மழைக்குப் புல் சாண் உயரம் வந்தது. அவள் மறுபடி குனிந்தாள். அவன், "செவலைக்கு ஒரு வாய்க்குப் பத்தாது" என்றான்.

மூன்றாம் மழைக்கு அவள் பாதியில் பயறு மண்ணை மூடியிருந்தது; அங்கொன்றும் இங்கொன்றுமாய்த்தான் களை. அவன் பாதியில் புல் இடுப்புக்கு வந்து, பூத்து, விதையும் உதிர்த்தது. இப்போதுதான் இருளப்பன் ஆசையாய் இறங்கினான். அறுத்தான், மறுநாளே துளிர்த்தது. பிடுங்கினான்; வேரோடு வேர் பின்னிக் கிடந்த பருத்தியும் கையோடு வந்தது. செவலை வயிறாரத் தின்றது. அதன் பச்சைச் சாணியை உரமென்று அவன் கொண்டுபோய்க் கொட்ட, அதற்குள்ளிருந்த விதையும் முளைத்தது.

கார்த்திகையோடு மழை நின்றது. மாசியில் கிழக்கே பருத்தி வெள்ளை வெளேரென்று வெடித்தது. மேற்கே புல்லுக்கு நடுவே நாலு சோகைச் செடிகள் நின்றன.

பக்கத்துக் காட்டுப் பெரியாண்டி ஒரு வழி சொன்னான். "மேற்கே உவர் மண்ணுன்னு சொல்லிரு. மகராசா வேற துண்டு குடுப்பாரு. மண்ணைத் தின்னா பார்க்கப் போறாரு?"

பாளையக்காரர் வந்தார். "இந்தப் பாதிக்கு என்ன வந்தது?" என்றார்.

இருளப்பன் வாயைத் திறந்தான். உவர் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. தன்னைத் தாங்கிய மண்ணின் மேல் பழி போட அவனுக்கு மனசு வரவில்லை.

"மண்ணு தங்கம், மகராசா. நான்தான் மாட்டுக்குப் புல் வளர்த்தேன்."

"உள்ளதைச் சொன்னாய். ஆனாலும் பேச்சு பேச்சுதான். இந்தப் பாதியை வேறு ஆளுக்குக் கொடுப்பேன்."

வெயிலுகந்தாள் முன்னால் வந்தாள். "குடுங்க மகராசா. ஆனா ஒரு வருஷம் உதிர்ந்த விதை பின்னால பல வருஷம் முளைக்கும். வர்றவன் பிடுங்கப் பிடுங்க எங்களைத்தான் வைவான். வளர்த்த மனுஷனே பிடுங்கட்டும். மூணு வருஷம் தவணை குடுங்க. அப்புறமும் புல் நின்னா என் பாதியையும் சேர்த்து எடுத்துக்கிடுங்க."

பாளையக்காரர் தலையசைத்துத் தவணைக்குச் சம்மதித்தார். பிறகு கோட்டைக்குப் போனார்.

"உன் பாதியை எதுக்குடி பணயமா வச்சே?" என்றான் இருளப்பன்.

"அப்பத்தானே நீரு குனிவீரு."

குனிந்தான். முதல் வருஷம் சுமை சுமையாய்ப் பிடுங்கினான். இரண்டாம் வருஷம் கூடை கூடையாய். மூன்றாம் வருஷம் கைப்பிடி கைப்பிடியாய். அந்த மாசியில் வந்த பாளையக்காரருக்கு, எது யார் பாதி என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே கேட்டவர்களே, முளையில் எடுக்க மனமில்லாமல் விட்ட தீங்கை வளர்ந்தபின் பிடுங்கப் போனால், நாம் ஆசையாய் வளர்த்த நல்லதும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.