நஷ்டமே இல்லாத கடை

கோணப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு டிபன் கடை இருந்தது. இட்லி, தோசை, பொங்கல், வடை என்று நாலே நாலு ஐட்டம். கல்லாவில் ஒச்சப்பன் உட்கார்ந்திருப்பான், தோசைக்கல்லில் தவசி நிற்பான், மிச்ச மூன்றையும் சங்கிலி பார்த்துக்கொள்வான். மூவரும் கூட்டாளிகள். வாடகை போக மாதாமாதம் மூன்று குடும்பமும் மானமாகச் சாப்பிட்டது. அது எப்படி நடக்கிறது என்று மூவருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் நன்றாகத்தான் நடந்தது.

ஒச்சப்பனுக்கு ஒரே மகள், பேச்சி. பக்கத்து ஊர் சோலையப்பன் வீட்டில் அவளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். பேச்சிக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. எல்லாம் கூடிவரும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா சோலையப்பன் ஒரு பிடி போட்டார்.

"உங்க கடையில நஷ்டம்னு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன். அப்புறம் தாம்பூலம் மாத்திக்கலாம்."

நஷ்டம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாதவன் எதைக் காட்டுவான்? நல்லவேளையாக அந்த வாரம் டவுனில் ஒரு பேங்க், கடைக்காரர்களுக்குக் கணக்கு வகுப்பு நடத்தியது. ஒச்சப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

பாடம் எடுத்த அம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "கடையைப் பொத்தாம்பொதுவா பாக்காதீங்க. வாடகையைப் பிரிச்சு ஒவ்வொரு ஐட்டம் மேலயும் ஏத்திப் பாருங்க. எது தாங்கலையோ அது நஷ்டம். அதை மூடிடலாம். ஆனா ஒரு விஷயம் இருக்கு. அதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றேன்."

ஒச்சப்பன் அவர்கள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டான், கை கழுவினான், பஸ் ஏறிவிட்டான். தான் நடத்துவது டிபன் கடை, மத்தியானத்துக்கு மேல் சொல்வதெல்லாம் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

மறுநாள் மூவரும் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து வாடகையை நாலாகப் பிரித்தார்கள். வடைக்கு வந்த பங்கைப் பார்த்ததும் சங்கிலிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம்யா வடை. அது எவ்வளவுண்டு இருக்கு, அது மேல போயி இம்புட்டு வாடகையை ஏத்துறீங்களே?"

"நடுவுல ஓட்டை வேற," என்றான் தவசி. "எப்படித் தாங்கும்?"

தாங்கவில்லை. வடையை மூடினார்கள். ஒரு நஷ்டம் ஒழிந்தது என்று ஒச்சப்பன் கல்லாவுக்கு மேலே சூடம் காட்டினான்.

அடுத்த வாரம் கணக்குப் போட்டால் வடை சுமந்த வாடகை மற்ற மூன்றின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதோடு, வடை இல்லாத பொங்கலை எவன் தின்பான் என்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பொங்கல் நஷ்டம்.

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றான் தவசி. "பொங்கலைத் தின்ன மனுஷனே சொக்கி விழுறான். பொங்கலா சுமக்கப் போகுது?"

பொங்கலையும் மூடினார்கள். பொங்கலின் வாடகை தோசை மேல் பாதி, இட்லி மேல் பாதி ஏறியது. தோசை ஏற்கனவே மெலிந்த உடம்பு, ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. தவசி தோசைக்கல்லைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஒச்சப்பனுக்கும் அழுகை வந்தது. ஆனால் மகளை நினைத்து அடக்கிக்கொண்டான்.

கடைசியில் இட்லி மட்டும் நின்றது, மொத்த வாடகையையும் தூக்கிக்கொண்டு.

"இட்லி தாங்குமாடா?"

"எண்ணெய்ச் சத்து இல்லாத உடம்பு," என்றான் சங்கிலி. "வெறும் ஆவியில வெந்தது. நம்பாதே."

வியாழக்கிழமை இட்லியையும் மூடினார்கள். ஒச்சப்பன் கணக்கை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தான். ஐட்டம் ஒன்றும் இல்லை, ஆகவே நஷ்டமும் ஒன்றும் இல்லை. "எட்டாம் கிளாஸ்ல மூணு தடவை உக்காந்த மண்டைடா இது," என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டான். "இதுக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு, எனக்கே தெரியல."

சங்கிலிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "வாடகை எங்கேயும் போகலையே அண்ணே. கடைக்குள்ள ஐட்டம் இல்லேன்னா, உள்ள இருக்கிற நம்ம மூணு பேரு மேலதானே ஏறும்?"

அடுத்த நிமிஷம் மூவரும் அடித்துப் பிடித்து வெளியே ஓடிவந்து கடையைப் பூட்டினார்கள். வாடகை உள்ளே மாட்டிக்கொண்டது என்று தவசி பூட்டை இழுத்துப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை காலை சோலையப்பன் வந்தபோது கடை பூட்டிக் கிடந்தது. எதிர்த்த கடையில் ஒச்சப்பனும் கூட்டாளிகளும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நஷ்டம் எப்படி?" என்று கேட்டார் சோலையப்பன்.

"சல்லிக்காசு கிடையாது சம்பந்தி. நீங்களே உள்ள போயித் தேடிப் பாருங்க," என்று சாவியை நீட்டினான் ஒச்சப்பன்.

சோலையப்பன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நஷ்டம் எதுவும் கண்ணில் படவில்லை. இந்த வித்தையை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டு, வடையிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தாம்பூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டார். ஒச்சப்பன் பாதி இட்லியோடு கை கழுவிவிட்டான். மகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று பொழுதுக்கும் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், வாசலில் சோலையப்பன். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியோடு மாப்பிள்ளை.

"நீங்க சொன்ன மாதிரியே வீட்டுச் செலவைப் பிரிச்சு ஆளுக்கு ஆள் ஏத்திப் பாத்தேன் சம்பந்தி," என்றார் சோலையப்பன். "இவன்தான் நஷ்டம். மூடிட்டேன். வரதட்சணை, சீர் ஒண்ணும் வேணாம், இவனை நீங்களே வச்சுக்கோங்க."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பேச்சி கதவிடுக்கில் நின்று சிரித்தாள். ஒச்சப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கணக்குத் தெரிந்தவனுக்குக் கல்யாணமே இனாமாக முடிகிறது என்று பெண்டாட்டி விருமாயியிடம் பெருமை அடித்தான்.

விருமாயி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தானும் விரலை மடக்கினாள்.

"நான் மாடு வச்சுப் பால் ஊத்துறேன். பேச்சி ஜாக்கெட் தைக்கிறா. மாப்பிள்ளை இப்பத்தான் வந்திருக்காரு, விருந்தாளியைக் கணக்குல சேக்கக் கூடாது. நீங்க கடையைப் பூட்டிட்டு வந்திருக்கீங்க. இப்ப வீட்டுச் செலவைப் பிரிச்சு ஏத்துங்க."

ஒச்சப்பன் ஏற்றிப் பார்த்தான். மறுபடியும் ஏற்றிப் பார்த்தான். கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. இவ்வளவு சரியாக வருகிறதே என்று அவனுக்குப் பூரிப்பாகக்கூட இருந்தது. ஒரு வேட்டி துண்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

தெருமுனையில் தவசியும் சங்கிலியும் ஆளுக்கொரு மூட்டையோடு நின்றார்கள்.

"உன்னையுமா?" என்றான் தவசி.

ஒச்சப்பன் தலையை ஆட்டினான். அப்புறம் மூவரும் கை கொடுத்துக்கொண்டார்கள், இனிமேல் தங்கள் மூன்று வீட்டிலும் நஷ்டமே கிடையாது என்று.