ஆயரின் கால் படாத வாசற்படி

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், முள்ளிப்பட்டியைத் தலைமையாக வைத்துப் புதிய மறைமாவட்டம் அமைக்க ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்தது. அன்றிலிருந்து கோயில் பெரியதனக்காரர் ராயப்பருக்குக் கால் தரையில் பாவவில்லை. வரப்போகும் முதல் ஆயரின் காலும் பாவக் கூடாது என்று முடிவு கட்டினார்.

பல்லக்குத் தூக்கும் தொம்மையைக் கூப்பிட்டார். "ஊர் எல்லையில பல்லக்குல ஏறுற ஆயர், கோயில் பீடத்து நாற்காலியிலதான் இறங்கணும். நடுவுல கால் மண்ணுல பட்டுது, தோலை உரிச்சிடுவேன். இன்னொண்ணு, இது இனிமே பேராலயம். உங்க ஆளுங்க யாரும் வாசப்படி தாண்டக் கூடாது."

அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்ததே தொம்மையின் சேரிதான். "சரிங்க சாமி," என்று மட்டும் சொன்னான்.

மேளதாளத்தோடு வந்த பல்லக்கு வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டது.

"ஏன்டா நிக்கிறே?" ராயப்பர் பல்லைக் கடித்தார்.

தொம்மை ஊருக்கே கேட்கும்படி சொன்னான்: "படி தாண்டக் கூடாதுன்னீங்க. ஆயரை இறக்கவும் கூடாதுன்னீங்க. எதை மீறணும்னு நீங்களே சொல்லுங்க. இல்லேன்னா வந்து தோள் கொடுங்க."

தமிழ் கற்றிருந்த ஆயர் திரையை விலக்கினார். "தாண்டக் கூடாதென்று யார் சொன்னது?"

ராயப்பர் பட்டு அங்கவஸ்திரத்தால் வேர்வையைத் துடைத்தார். "உள்ளே போ," என்று முனகினார். "இன்னிக்கு மட்டும்."

தொம்மை அசையவில்லை. "கல்லு சுமந்தப்போ தினமும் உள்ளே வந்தோமே சாமி. அப்போ ஒட்டாத தீட்டு இப்போ மட்டும் ஒட்டுமா?"

பிறகு திரும்பி, வெயிலில் நின்ற தன் சனத்தை "வாங்க" என்று கூப்பிட்டான். பல்லக்கின் பின்னால் சேரியே உள்ளே நுழைந்தது. கடைசியாக வந்த ராயப்பருக்கு வாசற்படிக்கு வெளியேதான் இடம் கிடைத்தது.